ஹால் டிக்கெட்டும் ஏழரை மணி ஜெபமும்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று பஸ் மூன்று நடை போய்வந்தது. திண்டிவனம், விழுப்புரம், மறுபடி திண்டிவனம். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஓர் அம்மாள் கூடைக்குள் சேவலை மறைத்து வைத்திருந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் அது நன்றாகக் கூவியது. லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னேன். "அது என் மடியிலதான சார் குந்திக்கினு இருக்குது, உங்களுக்கு என்னா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் விட்டுவிட்டேன்.

ஏழரை மணிக்கு வீட்டு ஜெபம். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்றாம். என் மனைவி ஜெசிந்தா நடுவில் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், அதற்குள் சோறு வழக்கம்போலக் குழைந்திருந்தது. கண் மூடியிருந்தாலும் எனக்குத் தெரியும். சபையில் என் ஜெபம் நீளம் என்று ஒரு பெயர் உண்டு. கமிட்டியில் என்னைப் போட்டதே அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். முப்பது வருடம் கண்டக்டராகப் பஸ்ஸில் சத்தம் போட்டே பழகிய தொண்டை. ஆண்டவருக்கு நன்றாகக் காது கேட்கும் என்று தெரிந்தும் குறைத்துப் பேச வரவில்லை.

போன வாரம் குழம்பில் உப்பு போதவில்லை. நேரில் சொன்னால் ஜெசிந்தா சண்டைக்கு வருவாள். அதனால் ஜெபத்தில், "ஆண்டவரே, நாங்கள் சாரமில்லாத உப்பாகப் போய்விடாதபடி..." என்று ஆரம்பித்தேன். மலர் களுக்கென்று சிரித்துவிட்டாள். மறுநாள் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. "உங்க ஜெபம் கேக்கப்பட்டுச்சுங்க" என்றாள் ஜெசிந்தா.

மலர்விழி எங்கள் ஒரே பிள்ளை. இருபத்தைந்து வயது. இங்கே திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் நாலரைக்கு எழுந்து அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். இரண்டு தடவை கொஞ்சத்தில் போய்விட்டது. மூன்றாம் தடவை எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். இந்த மாதம் முடிவு வரும் என்கிறார்கள். அவளைவிட எனக்குத்தான் படபடப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பவுனு அக்கா கேட்டார்கள். மாதர் சங்கத் தலைவி. "மலருக்காகப் பேரு சொல்லி ஜெபிக்கிறேன். எதுக்கும் நம்பரு கிம்பரு இருந்தா குடு தம்பி, குறிப்பா ஜெபிக்கலாம்."

குறிப்பாக ஜெபிப்பது நல்லதுதானே? வீட்டுக்கு வந்து மலரின் மேசையில் இருந்த ஹால் டிக்கெட்டைப் போட்டோ எடுத்து, சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போட்டேன். அறுபத்து நான்கு பேர் இருக்கிறோம். பதிவு எண், பிறந்த தேதி, மகளின் போட்டோ, எல்லாமே அதில் இருந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு ஆமென்.

மலர் அந்தக் குழுவில் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. நல்ல காரியம்தானே, எதற்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

மழை. பஸ்ஸில் மூன்று இடத்தில் ஒழுகல். எல்லாரும் எழுந்து நின்று பயணம் செய்தார்கள், ஆராதனை மாதிரி.

ஆகஸ்ட் 21, வியாழன்

தேர்வு முடிவு வந்துவிட்டது. தேறவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முடிவு மத்தியானம் இரண்டு மணிக்கு வந்திருக்கிறது. மலரின் ஆபீசில் போனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஐந்தரைக்கு எடுத்துப் பார்த்திருக்கிறாள். முடிவு வந்ததே அவளுக்குத் தெரியாது. அதற்குள் இருபத்து மூன்று மெசேஜ். "சோர்ந்து போகாதே மகளே." "ஆண்டவர் இதைவிடப் பெரியதை வைத்திருக்கிறார்." பவுனு அக்கா மட்டும் விவரமாக எழுதியிருக்கிறார்கள்: "மார்க்கு பாத்தேன்மா, கணக்குல நல்லா பண்ணியிருக்க, பொது அறிவுலதான் வுட்டுட்ட."

அதாவது, சபையே ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் முடிவைப் பார்த்துவிட்டது. தான் தேறாததை என் மகள் ஆறுதல் மெசேஜில் தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் முகம் கழுவிக்கொண்டு ஏழரைக்குப் பாயில் வந்து உட்கார்ந்தாள். நான் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் ஏமாற்றம். மூன்றாவது தடவை. கண்ணை மூடியதும் எல்லாம் கொட்டிவிட்டது. கையிலே போனை வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கு விழிப்பைத் தாரும் என்றேன். சோம்பேறியை எறும்பிடம் போய்க் கற்றுக்கொள்ளச் சொன்ன தேவனே என்றேன். பெற்றவர்களின் கண்ணீர் என்றேன். என்ன என்னவோ சொன்னேன். நன்றாகத்தான் வந்தது ஜெபம் — அதுதான் வெட்கம்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் மலரின் இடம் காலி. எப்போது எழுந்து போனாள் என்றே தெரியவில்லை. ஜெசிந்தா மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாகப் பார்த்தாளோ.

"நாலரைக்கு எழுந்துக்கிற பொண்ண எறும்புகிட்ட போவச் சொல்றீங்களே, அந்த நேரத்துல எறும்புகூட தூங்கிக்கினுதாங்க இருக்கும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் மலர் சொன்னது:

"நீங்க ஆண்டவர்கிட்ட பேசலப்பா. என்கிட்டதான் பேசினீங்க. நான் பதில் சொல்ல முடியாத மாதிரி பேசினீங்க. நடுவுல பேசினா ஜெபத்தக் கெடுத்தவன்னு பேரு."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சமமாகப் போயிருக்கும்.

மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: நான் என்ன, கெட்டதா நெனச்சேன்? எவ வீட்லயாவது அப்பன் தினம் ஜெபம் பண்றானா? அவனவன் டாஸ்மாக்ல கெடக்கிறான். நான் பாயப் போட்டு குந்தி பொண்ணு பேரைச் சொல்லி அழறேன். அது தப்பா?

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆடிட்டருக்கு விழுப்புரத்திலும் ஓர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே மாற்றல் கேட்டு வாங்கிவிட்டாள். பெண்கள் ஹாஸ்டலில் இடமும் பார்த்தாயிற்று. போக வர நேரம் மிச்சம், படிக்க வசதி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு மணி நேரப் பயணம்தான். தினமும் என் பஸ்ஸிலேயே போய்வரலாம். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

காலை ஏழு ஐம்பதுக்கு ஸ்டாண்டில் என் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் படியில் நின்று "விழுப்புரம், விழுப்புரம்" என்று கூவிக்கொண்டிருந்தேன். மலர் ஒரு பையும் தலையணையும் எடுத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தனியார் பஸ்ஸில் ஏறினாள்.

டிரைவர் முருகையன் அதைப் பார்த்துவிட்டார். பத்து வருடமாக ஒரே பஸ்ஸில் ஓடுகிறோம். ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். விக்கிரவாண்டி வரை நான் யாருக்கும் சரியாக டிக்கெட் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

வீட்டு ஜெபத்துக்கு இரண்டே பேர். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரைப் பற்றி ஜெபிப்பது? ஜெசிந்தாவைப் பற்றி அவள் எதிரிலேயே ஜெபிக்கப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

போன் செய்தேன். "வேலையா இருக்கேன்ப்பா." மறுபடி சாயங்காலம். "படிச்சிக்கினு இருக்கேன்ப்பா." மரியாதையாகத்தான் பேசுகிறாள். அந்த மரியாதைதான் கஷ்டமாக இருக்கிறது. ஜெசிந்தாவிடம் மட்டும் அரை மணி நேரம் பேசுகிறாள், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி, சிரித்துச் சிரித்து. நான் கொடியில் துணி எடுக்கிற மாதிரி நின்று கேட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

புத்தி வந்தபாடில்லை எனக்கு. ஆராதனை முடிந்ததும் ஆயர் புகழேந்தியைத் தனியாகப் பிடித்து, "ஆயரே, வீட்ட வுட்டுப் போன கெட்ட குமாரன் மாதிரி என் பொண்ணும் போயிட்டா. குரூப்புல ஒரு ஜெபக் குறிப்பு போட்டுடட்டுங்களா?" என்று கேட்டேன். ஆயர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பைக் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் அண்ணே, அவ சொத்தப் பிரிச்சி வாங்கிக்கினா போனா? தலகாணி எடுத்துக்கினு வேலைக்குப் போயிருக்கா." சாவியைப் பைக்கில் போட்டுவிட்டு, "அந்தக் கதையில அப்பா யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியலண்ணே. வழியப் பாத்துக்கினு இருந்தாரு. அவ்ளோதான்" என்றார்.

வேதத்தில் வருகிற அந்தக் கதையை, சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய்ப் பன்றி மேய்த்துவிட்டுத் திரும்பி வந்த மகன் கதையை, நூறு தடவை படித்திருப்பேன். ஓய்வுநாள் பள்ளியில் நானே பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன், பன்றி மாதிரி சத்தம்கூடப் போட்டுக் காட்டுவேன். தகப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தது ஒரு தடவையும் கண்ணில் படவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

விழுப்புரம் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது முருகையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்கூட்டுலயும் சாமி கும்புடுறோம் கண்டக்டரே. எம் பொண்ணுக்கு நானுந்தான் வேண்டிக்கிறேன். ஆனா மைக்கு வெச்சி வேண்டிக்கிறதில்ல" என்றார்.

கோபமாக வந்தது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் கிளம்பிக் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் கோபம் போய்விட்டது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஜெபம் பண்ணுகிறவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும் என்றுதானே மலைப் பிரசங்கத்தில் இருக்கிறது. நான் கதவைத் திறந்ததோடு விடாமல் போட்டோ வேறு எடுத்துப் போட்டிருக்கிறேன். பிறந்த தேதியோடு! அவள் பிறந்த தேதி ஆண்டவருக்குத் தெரியாதா என்ன.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜெசிந்தா கேப்பை அடை சுட்டு ஒரு டப்பாவில் போட்டு, "நாளைக்குப் போவும்போது ஹாஸ்டல்ல குடுத்துட்டு வாங்க" என்றாள். சாக்கு ஏற்படுத்திக் கொடுக்கிறாள் என்று புரிந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். பஸ் எடுக்க நேரமாகிவிட்டது. இல்லை. பொய். பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று நடந்ததை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆயர் பிரசங்கத்துக்கு எடுத்த பகுதி, காணிக்கை கொண்டுவந்தவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்பது. எனக்காக எடுத்தாரோ என்று முதலில் சந்தேகம். இல்லை, அட்டவணையில் இந்த வாரத்துக்கு அதுதான் போட்டிருக்கிறது, பார்த்துவிட்டேன். அவர் ஒன்று சொன்னார்: "உனக்கு யார்மேல குறை இருக்குதுன்னு கேக்கல. உன்மேல யாருக்கு குறை இருக்குதுன்னு கேக்குது."

அடுத்தது காணிக்கைப் பாட்டு. பை எடுப்பது இந்த மாதம் என் முறை. சிவப்பு வெல்வெட் பையை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் ஆரம்பித்தேன். நாலாவது வரிசை வந்தபோது கால் நின்றுவிட்டது. பலிபீடம் முன்னால் இருக்கிறது, கையில் காணிக்கை இருக்கிறது, விழுப்புரத்தில் மனத்தாங்கலோடு ஒருத்தி இருக்கிறாள். இதைவிட நேராக எப்படிச் சொல்வது? அந்த வரிசை ஓரத்தில் பவுனு அக்கா. பையை அவர்கள் கையில் கொடுத்தேன். "அக்கா, மீதி வரிசைய நீங்க பாத்துக்குங்க."

"எங்க தம்பி போற? வயிறு சரியில்லையா?"

"விழுப்புரம்க்கா."

சபை பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுதான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை வேட்டி சட்டையோடு பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "உள்ளே போ, உள்ளே போ" என்று இன்னொருத்தர் என்னைத் தள்ள, விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன். ஸ்டாண்டில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். மலருக்குப் பிடிக்கும்.

ஹாஸ்டல் கேட்டைத் தாண்டி ஆண்களை விடமாட்டார்கள். வாட்ச்மேன் போன் போட்டார். மலர் தலையில் துண்டோடு இறங்கி ஓடிவந்தாள். "அம்மாவுக்கு என்னாப்பா ஆச்சு?"

"அம்மா நல்லாத்தான் இருக்காம்மா."

"அப்ப சர்ச்சு நேரத்துல எங்க வந்தீங்க?"

பஸ்ஸில் வரும்போது எல்லாம் தயார் செய்திருந்தேன். அவள் முன்னால் நின்றதும் ஒன்றும் வரவில்லை. பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, உம்முடைய அடியான் என் மகளுக்கு முன்பாக..."

"அப்பா."

நிறுத்தினேன்.

"கண்ணத் தொறங்க. அவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். என்னப் பாத்து சொல்லுங்க."

திறந்தேன். வெயில் கூசியது. அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நாலரைக்கு எழுகிற கண். வாட்ச்மேன் வேறு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுத் தமிழில் நான் மன்னிப்பே கேட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஜெபத்தில் தினமும் கேட்பேன், அழகாகக் கேட்பேன்.

"உன் நம்பரக் குடுத்தது தப்பும்மா. உன்னக் கேக்கல. அன்னிக்கு நான் ஜெபம் பண்ணல, உன்னத் திட்டினேன். தேறாதது நீ, ஆனா அவமானம் எனக்குன்னு நெனச்சிக்கினு திட்டினேன். மன்னிச்சிடும்மா."

அவ்வளவுதான் வந்தது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவள் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு, "கையில என்னா, மல்லாட்டையா?" என்றாள். கேட்டுக்கு வெளியே சிமென்ட் கட்டையில் உட்கார்ந்து இரண்டு பேரும் உரித்துத் தின்றோம். வாட்ச்மேனுக்கும் கொஞ்சம் கொடுத்தோம்.

"குரூப்ல அத அழிச்சிட்டியாப்பா?" என்று கேட்டாள். சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி, 'நீங்க' இல்லாமல், 'டியா' போட்டு. அழிக்கப் பார்த்தேன், நாளாகிவிட்டதால் முடியவில்லை என்றேன். "அழிச்சாலும் அறுவது போன்ல இருக்கும். சபையில சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வரும்போது உட்கார இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டு வரை தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். என் மகள் ஹால் டிக்கெட்டை அவளைக் கேட்காமல் போட்டது என் தப்பு, எல்லாரும் போனிலிருந்து அழித்துவிட வேண்டும், இனிமேல் யாரும் அவள் தேர்வு முடிவைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அப்ப ஜெபம் பண்ண வேணாமா?" என்று கேட்டார்.

"பண்ணுங்க ஐயா. நம்பரு இல்லாம பண்ணுங்க."

சிரிப்பு. ஆயரும் சிரித்தார். வெளியே வந்ததும் பவுனு அக்கா தனியாக வந்தார்கள். முகம் சுருங்கியிருந்தது. "ஆசையிலதான் தம்பி பாத்தேன். எம் பேத்தி மாதிரி நெனச்சிதான்." எனக்குத் தெரியும் என்றேன். எல்லாரும் ஆசையிலேதான் செய்கிறோம், நானும்தான். அக்கா மலருக்குப் போன் போட்டுப் பேசினார்களாம். ஜெசிந்தா சொன்னாள்.

இன்னொரு விஷயம். போன வாரம் பையை எடுத்துக்கொண்டு மீதி வரிசைகளுக்குப் போனது பவுனு அக்காதான். எங்கள் சபையில் அது வரைக்கும் ஆம்பிளைகள்தான் பை எடுத்திருக்கிறார்கள். இப்போது மாதர் சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிறு தங்களுக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறது. கமிட்டியில் என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் முறைத்தார்கள். நான் கேட்பவர்கள் பக்கம் கையைத் தூக்கிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

மலர் வந்திருக்கிறாள். இரண்டு நாள் இருப்பாள். வந்தது என் பஸ்ஸில். விழுப்புரத்தில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, முருகையனிடம் திண்டிவனம் வரை பேசிக்கொண்டே வந்தாள். டிக்கெட் கேட்டால், "ஸ்டாஃபு பொண்ணு சார்" என்கிறாள். அதெல்லாம் நடக்காது என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் அவள் பக்கம் பேசினார்கள்.

ஏழரைக்குப் பாய் விரித்தேன். ஜெபம் ஆரம்பிக்கும் முன் மலர் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் மாதிரி. "ஒரு ரூல். அவங்கவங்க தப்ப மட்டும்தான் சத்தமா சொல்லணும். அடுத்தவங்களுக்கு மனசுக்குள்ள வேண்டிக்கணும்."

ஜெசிந்தா உடனே ஆமென் சொன்னாள். ஜெபமே ஆரம்பிக்கவில்லை.

என் முறை வந்தபோது பொறுமையில்லாமல் ஒரு கிழவரைப் படியிலிருந்து அவசரப்படுத்தியதைச் சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று யோசித்தேன். முடிந்துவிட்டது. ஒன்றரை நிமிடம். மலர் தான் அப்பாவிடம் ஒரு மாதம் வைராக்கியமாக இருந்ததைச் சொன்னாள். ஜெசிந்தா கடைசியில், "ஆண்டவரே, ஆடி மாசம் குழம்புல வேணும்னே உப்ப அள்ளிப் போட்டேன், மன்னியும்" என்றாள். மலர் பாயிலேயே விழுந்து சிரித்தாள். ஜெபத்தில் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு நானும் சிரித்தேன்.

சோறு குழையாமல் இருந்தது. இந்த வீட்டில் ஏழரை மணிச் சோறு குழையாமல் நான் சாப்பிட்டதே இல்லை.

நவம்பர் 6, வியாழன்

பயணி ஒருவர் மறந்துவிட்டுப் போன குடையை விக்கிரவாண்டியில் இறங்கி, ஆளைத் தேடிக் கொடுத்தேன். மழைக் காலத்துக் குடை. ஏனோ சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியாயிற்று. சிவப்புக் காகிதம், போன வருடத்து பல்புதான். ஜெசிந்தா அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள்.

மத்தியான நடையில் மலர் ஏறினாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். டிக்கெட்டுக்குக் கை நீட்டினேன். நாலாய் மடித்த ஒரு காகிதத்தை என் கையில் வைத்தாள்.

"மறுபடி எழுதப் போறேன்ப்பா. ஹால் டிக்கெட் வந்திடுச்சி. இது ஜெராக்ஸ். உங்களுக்கு மட்டும்."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னிடம் ஏன் கொடுக்கிறாள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அரிசி டிரம்மை நகர்த்தி முட்டுக்கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்து எண்ணை ஒரு தடவை பார்த்தேன். பஸ் நம்பரை மறக்காதவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? மறுபடி மடித்து வேதாகமத்தில் வைத்தேன். சத்தம் போடாமல் ஜெபம் பண்ணினேன். தொண்டைக்குப் பழக்கமில்லை, அடிக்கடி வாய் தானாக அசைந்தது. எத்தனை நிமிடம் என்று தெரியாது, வெளியே யாரும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

டிரம்மை நகர்த்திவிட்டு வெளியே வந்தபோது மலர் நட்சத்திரத்துக்கு ஒயரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். நான் பல்பைப் பிடித்துக்கொண்டேன்.

எந்த நாளில் என்ன நடந்தாலும் இதில் விவரமாக எழுதிவைப்பது என் வழக்கம். அந்த எண்ணை மட்டும் எழுதவில்லை.